மேப்புல பச்சை, மாடியில சிக்னல் இல்லை: ராயக்கோட்டை – மாரண்டஹள்ளி பக்கத்து ஒயர்லெஸ் நெட் கவரேஜ்

கேள்வி. 2025 ஜூன் 8, காலை

ராயக்கோட்டைக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவுல, மெயின் ரோட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்க ஊரு. ஓசூர்ல வேலை. வீட்டுல இருந்தே பார்த்துக்கோன்னு கம்பெனில ஒத்துக்கிட்டாங்க, நெட் இருந்தா. ரெண்டு ஒயர்லெஸ் நெட் கம்பெனி லிஸ்ட்டுல எங்க ஊர் பேர் இருக்குது. அதுல ஒருத்தர் மேப்புல ஊரே பச்சை. ரெண்டு பேரும் ஆள் அனுப்பினாங்க. மாடி ஏறிப் பார்த்துட்டு "இங்க வராதுங்க"ன்னு இறங்கிட்டாங்க. வராத ஊரை எதுக்கு லிஸ்ட்டுல போடறாங்க? இதை யாருகிட்ட கேட்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூன் 8, இரவு

தம்பி, அந்த மாதிரி லிஸ்ட் எழுதிக் கொடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன். அதனால நானே சொல்லிடறேன்.

மாரண்டஹள்ளி பக்கம் ஒரு பாறை மேல 60 அடி டவர் போட்டு 2019-ல இருந்து ஒயர்லெஸ் நெட் கொடுக்கறேன். 2018 அக்டோபர்ல 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 605 மெகாஹெர்ட்ஸை தனி உரிமம் வாங்காமலே பயன்படுத்தலாம்னு மத்திய அரசு அறிவிச்சுது. அதுக்கப்புறம்தான் என்னை மாதிரி ஆளுங்களுக்கு தைரியம் வந்துது. இன்டர்நெட்டுக்கான உரிமம் என்கிட்ட இல்லை, பெரிய கம்பெனிக்கிட்ட இருக்குது. அவங்ககிட்ட மொத்தமா பேண்ட்வித் வாங்கி நான் ஊருக்குள்ள கொண்டு போறேன்.

2020-ல அவங்க ஒரு எக்செல் ஷீட் அனுப்பினாங்க. டவர் எங்க இருக்குது, எத்தனை அடி, எந்தெந்த ஊருக்கு சேவை, பின்கோடு என்ன. அவ்வளவுதான் கேள்வி. நான் என்ன செஞ்சேன்னா, கம்ப்யூட்டர்ல மேப்பைத் திறந்து டவரை நடுவுல வெச்சு 5 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். வட்டத்துக்குள்ள விழுந்த ஊர் பேரையெல்லாம் டைப் பண்ணினேன். 14 ஊர். அரை மணி நேர வேலை. அந்த 14-ல ஆறு ஊர்லதான் நான் அதுவரைக்கும் ஒரு மாடியாவது ஏறியிருந்தேன்.

5 கிலோமீட்டர் வட்டம்னா 78 சதுர கிலோமீட்டருக்கு மேல. அவ்வளவு நிலத்துக்கும் "என் சேவை உண்டு"ன்னு ஒரு ராத்திரியில சொல்லிட்டேன்.

பொய் சொல்லணும்னு நினைச்சு செய்யலை. ஷீட்டுல ஊர் பேருக்கு கட்டம் இருந்துது. வீட்டுக்கு கட்டம் இல்லை. "வராது"ன்னு எழுத கட்டமே இல்லை.

ஜூன் 9

வட்டத்துக்குள்ள இருந்தும் ஏன் வராதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. செல்போன் சிக்னல் மாதிரி நினைக்காதீங்க. செல்போன் பயன்படுத்தற கீழ் அலைவரிசை மரம் சுவரையெல்லாம் ஓரளவுக்கு தாண்டி வந்திடும். நாங்க பயன்படுத்தற 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு டவரும் வீட்டு மாடியில மாட்டற டிஷ்ஷும் ஒண்ணையொண்ணு பார்க்கணும். நடுவுல கரடு, அதாவது சின்னப் பாறைக் குன்று, இருந்தா முடிஞ்சுது. நம்ம பக்கம் கரடு இல்லாத திசை எது?

கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது. அலை நூல் மாதிரி நேரா போறதில்லை, நடுவழியில பூசணிக்காய் மாதிரி உப்பிப் போகும். 4 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுப்பக்கத்துல அந்த உப்பலோட ஆரம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதுல 60 சதவீதமாவது, அதாவது 14 அடி, மரம் மட்டை இல்லாம காலியா இருக்கணும். டவர் உச்சி நல்லா தெரியுதே சார்னு மாடியில நின்னு கையை நீட்டிக் காட்டுவாங்க. தெரியும். ஆனா நடுவுல ஒரு தென்னந்தோப்போட தலை அந்த உப்பலைத் தின்னுட்டிருக்கும்.

மாடியில நடக்கறது இதுதான். 20 அடி ஜிஐ பைப்பை கைப்பிடிச் சுவரோட சேர்த்து கிளாம்ப் போட்டு நிறுத்துவோம். மேல டிஷ். நான் ஏணியில 13-ம் நம்பர் ஸ்பேனரோட நிப்பேன். கூட வேலை பார்க்கற பையன் கீழ உட்கார்ந்து போனைப் பார்த்து கத்துவான். "எண்பத்தி நாலுண்ணா... எழுபத்தொன்பது... எழுபத்தி நாலு... நிறுத்துண்ணா நிறுத்து, போயிடுச்சு, எண்பது." அது வந்து சேர்ற சிக்னலோட பலம். எல்லாமே மைனஸ் கணக்கு, சின்ன எண்ணா இருந்தா நல்லது. மைனஸ் 60-ல வந்தா நிம்மதியா நட்டை முறுக்கிட்டு இறங்கலாம். மைனஸ் 80-ன்னா அதைவிட நூறுல ஒரு பங்கு பவர்தான் வந்து சேருதுன்னு அர்த்தம். லைட் எரியும், நெட் வந்த மாதிரி காட்டும், சாயங்காலம் ஆனா அறுந்து அறுந்து போகும்.

ஒரே தெருவுல இந்த வீட்டுக்கு மைனஸ் 62, நாலு வீடு தள்ளி மைனஸ் 83. இதை எந்த வட்டம் காட்டும்?

ஜூன் 9, கொஞ்சம் கழிச்சு

நேத்து எழுதின வட்டக் கணக்கையும் திருத்தணும். 78 சதுர கிலோமீட்டர்னு சொன்னேன். 2020-ல என் டவர்ல 90 டிகிரி செக்டார் ஆன்டெனா, அதாவது கால் வட்டத்துக்கு மட்டும் சிக்னல் அனுப்பறது, ரெண்டுதான் இருந்துது, வடக்கு பார்த்து ஒண்ணு, கிழக்கு பார்த்து ஒண்ணு. அப்படின்னா பாதி வட்டத்துக்கு ஆன்டெனாவே கிடையாது. மேற்குப் பக்கத்து ஊரையும் தெற்குப் பக்கத்து ஊரையும் சேர்த்தேதான் எழுதிக் கொடுத்திருக்கேன். டவர்ல எத்தனை ஆன்டெனான்னு கேட்டவருக்கு நன்றி. அஞ்சு வருஷமா இதை நான் யோசிச்சே பார்க்கலை.

ஜூன் 13

"தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதும் சேவை"ன்னு போர்டு வெச்சிருக்காங்களே, அது சட்டப்படி தப்பில்லையான்னு கேட்டவருக்கு.

அங்க ரெண்டு விஷயம் ஒண்ணாக் குழம்பிப் போச்சுங்க. இன்டர்நெட் உரிமத்துல ஏ, பி, சின்னு மூணு வகை. ஏ நாடு முழுக்க. பி ஒரு டெலிகாம் வட்டத்துக்கு, அதாவது பெரும்பாலும் ஒரு மாநில அளவுக்கு. சி ஒரு எஸ்எஸ்ஏவுக்கு, அதாவது டெலிபோன் துறை பழைய காலத்துல பிரிச்சு வெச்ச எல்லைக்கு. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில தனி மாவட்டம் ஆச்சு. ஆனா டெலிபோன் கணக்குல அது தர்மபுரி எஸ்எஸ்ஏவோடவே இருந்துது. 04342 தர்மபுரி, 04343 கிருஷ்ணகிரி, 04344 ஓசூர், எல்லாம் ஒரே குடும்பம். அதனால சி உரிமம் வாங்கினவர் ரெண்டு மாவட்டத்துலயும் கடை போடலாம். போடலாம்னா போட்டிருக்கார்னு அர்த்தமில்லை. பஸ்ஸுக்கு பெர்மிட் ஓசூர் வரைக்கும் இருக்கலாம், ஓடறது பாலக்கோடு வரைக்கும்தான்னு வைங்க. போர்டுல எழுதியிருக்கறது பெர்மிட்.

டிராய்க்கு, அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, கணக்கு போகுதே, அதுல தெரியாதான்னா, உரிமம் உள்ள கம்பெனி என்கிட்ட கேட்கறது எத்தனை கனெக்‌ஷன், என்ன ஸ்பீடு. 2023 ஜனவரியில இருந்து குறைஞ்சது 2 எம்பிபிஎஸ் இருந்தாத்தான் பிராட்பேண்ட்னு கணக்கு. எத்தனை பேர் வாங்கியிருக்காங்கன்னு அதுல தெரியும். கேட்டுக் கிடைக்காம திரும்பினவங்க எத்தனை பேர்னு தெரியாது.

செல்போன் கம்பெனிகளுக்கு 2024 ஆகஸ்ட்ல டிராய் கொண்டு வந்த சேவைத் தர விதியில, 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜின்னு தனித்தனியா எங்க கிடைக்கும்னு மேப்பை வெப்சைட்ல போட்டே ஆகணும்னு சொல்லியிருக்காங்க. நல்ல விஷயம். ஆனா அது செல்போனுக்கு. என்னை மாதிரி கூரைக்குக் கூரை டிஷ் மாட்டறவன்கிட்ட வீடு வாரியா எழுதிக் கொடுன்னு எந்தப் படிவமும் இதுவரைக்கும் வந்ததில்லை.

தம்பி, உங்க ஊர் பேரை எனக்குத் தனியா அனுப்புங்க.

ஜூன் 13, இரவு

அனுப்பியிருந்தார். என் 14-ல ஒன்பதாவது பேர்.

நான் அந்த ஊர்ல காலே வெச்சதில்லை. அவர் பார்த்த பச்சை மேப் எனக்கு பேண்ட்வித் கொடுக்கற கம்பெனியோடது. நான் டைப் பண்ணினதை அவங்க அப்படியே கலர் அடிச்சுட்டாங்க. அவங்க அனுப்பின ஆளுதான் அந்த மாடி ஏறியிருக்கார். இது தெரிஞ்சப்புறம் சோறு இறங்கலை.

ஜூன் 15, ஞாயிறு

இதையும் எழுதிடறேன், நாலு வருஷமா மனசுல கிடக்குது.

2021 தொடக்கத்துல ஒரு பொண்ணு, பி.காம் முடிச்சது, பள்ளத்து ஊர் ஒண்ணுல இ-சேவை மையம் வைக்கணும்னு கடை பிடிச்சுது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல்னு எதுக்கெடுத்தாலும் ஜனங்க பாலக்கோட்டுக்கு ஓட வேண்டியிருந்துது. அந்த ஊர்லயே வெச்சா ஓடும்னு கணக்குப் போட்டதுல தப்பே இல்லை. லிஸ்ட்டுல ஊர் பேரைப் பார்த்துச்சு. 15,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து கடையை எடுத்து, கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் இறக்கி வெச்சுட்டு எனக்கு போன் பண்ணிச்சு. "அண்ணா, நெட் மட்டும் வந்து மாட்டிக் கொடுத்துடுங்க."

மட்டும். அந்த வார்த்தையை என்னால மறக்க முடியலை.

கடை ஓட்டுக் கட்டடம். பின்னாடி கரடு. 20 அடி பைப் போட்டேன், மைனஸ் 86. பைப்பை ஒட்டி ஒட்டி 30 அடிக்கு ஏத்தினேன், காத்துல ஆடுது, மைனஸ் 84. பக்கத்து மாடியில இருந்து இழுத்தேன். ஆறு தடவை போனேன். ஆறாவது தடவை அந்தப் பொண்ணோட அப்பா டீ வாங்கிக் கொடுத்துட்டு, "வராதுன்னா சொல்லிடுங்க, நாங்க வேற பார்த்துக்கறோம்"னார். மாட்டற கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். ரெண்டு மாச வாடகை அவங்களுக்குப் போச்சு. பாதியை நான் தரேன்னேன், வாங்கலை. பஸ் ஸ்டாப் பக்கம் மேட்டுல வேற கடை பிடிச்சு இப்பவும் நடத்துது. அங்க மைனஸ் 61. முதல்லயே அந்தக் கடையைக் காட்டியிருக்கலாம். 300 மீட்டர்தான் தூரம்.

அதுக்கப்புறமும் அந்தப் பள்ளத்து ஊர் பேரை நான் லிஸ்ட்டுல இருந்து எடுக்கலை. மேட்டுல ஒரு கனெக்‌ஷன் இருக்குதேன்னு விட்டுட்டேன்.

ஜூன் 20

வெளிநாட்டுல எப்படின்னு கேட்டாங்க. அமெரிக்கா கதை நமக்கு நல்லாப் பொருந்தும், நானும் கொஞ்ச காலமா படிச்சுட்டிருக்கேன்.

அங்க எஃப்சிசின்னு ஒரு ஆணையம், நம்ம டிராய் மாதிரி. இன்டர்நெட் கொடுக்கற எல்லாரும், 50 கனெக்‌ஷன் வெச்சிருக்கற சின்ன ஒயர்லெஸ் ஆளும்கூட, எங்க சேவை இருக்குதுன்னு எழுதிக் கொடுக்கணும். முன்னாடி அதுக்கு 477-ம் நம்பர் படிவம் இருந்துது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிரிச்ச பிளாக் வாரியா கணக்கு. ஒரு பிளாக்குல ஒரே ஒரு வீட்டுக்கு கொடுக்க முடிஞ்சாலும் மொத்த பிளாக்குக்கும் சேவை உண்டுன்னு அப்போ எழுதிக்கலாம். நகரத்துல பிளாக்குன்னா நாலு தெரு. கிராமத்துல ஒரு பிளாக்கே மைல் கணக்குல இருக்கும். என் வட்டம் அங்க சட்டமாவே இருந்திருக்குது.

நியூயார்க் பக்கத்து ஒரு சின்ன நிறுவனம், எட்டு மாநிலத்துல இருக்கற பிளாக்கையெல்லாம் சேர்த்து, கிட்டத்தட்ட 6.2 கோடி பேருக்கு சேவை கொடுக்க முடியும்னு எழுதிக் கொடுத்திடுச்சு. ஆணையமும் அதை அப்படியே கூட்டி, 2019 பிப்ரவரியில நாட்டுல பிராட்பேண்ட் கிடைக்காதவங்க 1.94 கோடியாக் குறைஞ்சுட்டாங்கன்னு அறிவிச்சுது. பொது அமைப்பு ஒண்ணு உட்கார்ந்து எண்ணிப் பார்த்து இது நடக்கற கதையான்னு கேட்டப்புறம் திருத்தினாங்க. 2.13 கோடி. நடுவுல கிட்டத்தட்ட 19 லட்சம் பேர், ஒரு ஷீட்டால நெட் கிடைச்சவங்களா மாறியிருந்தாங்க. கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருக்கற மொத்த ஜனமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இது வெறும் பேப்பர் தப்பு இல்லை. சேவை இருக்குதுன்னு எழுதின இடத்துக்கு அரசாங்கத்தோட மானியம் போகாது. பச்சை அடிச்சா அந்த ஊருக்கு இனிமே யாரும் கேபிள் இழுக்க வர மாட்டாங்க.

2020 மார்ச்ல தனிச் சட்டமே போட்டு முறையை மாத்தினாங்க. இப்போ வட்டமெல்லாம் செல்லாது, ஒவ்வொரு வீடா பட்டியல் கொடுக்கணும்.

ஜூன் 21

மேல கடைசி வரி தப்பு. இன்னொரு தடவை படிச்சேன். ஒயர்லெஸ் கொடுக்கறவங்களுக்கு ரெண்டு வழி வெச்சிருக்காங்க. வீட்டுப் பட்டியல் கொடுக்கலாம், இல்லைன்னா அலை எங்க வரைக்கும் போகுதுன்னு கணக்குப் போட்ட மேப் கொடுக்கலாம். மேப் கொடுத்தா அதை எப்படிப் போட்டோம்னும் சேர்த்துச் சொல்லணும். மேடு பள்ளம், மரம், கட்டடம் எல்லாம் கணக்குல வரணும். மேப்போட விளிம்புலகூட சிக்னல் கிடைக்க நாலுக்கு மூணு வாய்ப்பாவது இருக்கணும். டவர்ல பாதி லோடு இருக்கற மாதிரி கணக்கு. வாங்கற பக்கத்து ஆன்டெனா 4-ல இருந்து 7 மீட்டர் உயரத்துல இருக்கறதா வெச்சுக்கணும். 13-ல இருந்து 23 அடி. நம்ம ஓட்டு வீடும் பைப்பும் சேர்ந்தா அவ்வளவுதான் வரும். இந்த ஒரு வரியைப் படிச்சப்போ மாடி ஏறின ஆள் யாரோ அந்த விதியை எழுதியிருக்கார்னு தோணுச்சு.

இன்னும் ரெண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கேட்டதுல இருந்து பத்து வேலை நாளுக்குள்ள மாட்டிக் கொடுக்க முடிஞ்சாத்தான் சேவை உண்டுன்னு எழுதலாம். மேப் 2022 நவம்பர்ல பொதுமக்களுக்குத் திறந்தாச்சு. யார் வேணும்னாலும் தன் வீட்டைத் தொட்டு, இங்க வரலைன்னு ஆட்சேபம் போடலாம். கம்பெனி 60 நாளுக்குள்ள ஒத்துக்கணும், இல்லை வரும்னு காட்டணும்.

தம்பி முதல் நாள் கேட்டாரே, யாருகிட்ட கேட்கறதுன்னு. நமக்கு அந்த மாதிரி ஒரு கதவு வேணும்னுதான் நான் இவ்வளவும் எழுதறேன்.

ஜூலை 2

ஒரு வாரமா இங்க வர முடியலை. மாங்கா சீசன். கூழ் ஃபேக்டரிக்கு பெங்களூரா மாங்கா ஏத்திட்டுப் போன லாரி ஒண்ணு ரோட்டோரம் போன கேபிளை அறுத்துட்டுப் போச்சு, அதையே பார்த்துட்டிருந்தேன்.

பின்கோடு பத்தி ஒருத்தர் எழுதியிருந்தார், அது ரொம்பச் சரி. ஷீட்டுல ஊருக்கு நேரா பின்கோடு போட்டா, அந்தப் பின்கோடு முழுக்க சேவைன்னு கம்பெனி கம்ப்யூட்டர் எடுத்துக்குது. பின்கோடுன்னா தபால் கொடுக்கற எல்லை, அவ்வளவுதான். காரிமங்கலம் தர்மபுரி மாவட்டம், பின்கோடு 635-ல ஆரம்பிக்கும். பாலக்கோடும் தர்மபுரி மாவட்டம்தான், 636. தபால்காரர் சைக்கிள் போற வழியை வெச்சு ரேடியோ சிக்னலைக் கணக்குப் போட்டா என்ன வரும்?

ஃபைபர் வந்துட்டா இந்தப் பேச்சே வேண்டாமேன்னு இன்னொருத்தர். வரட்டும், நானே சந்தோஷமா அதுல இருந்து எடுத்துக் கொடுப்பேன். தமிழ்நாட்டுல 12,525 கிராமப் பஞ்சாயத்துக்கும் ஃபைபர் கொண்டு போறதுதான் திட்டம். ஆனா அங்கயும் எண்ணறது பஞ்சாயத்தை. பென்னாகரம் பக்கமோ அஞ்செட்டி பக்கமோ போய்ப் பாருங்க, ஒரு பஞ்சாயத்துக்கு எத்தனை குக்கிராமம், ஒண்ணுக்கொண்ணு எத்தனை கிலோமீட்டர்னு. ஆபீஸ் கட்டடத்துக்கு வந்ததும், கடைசி வீட்டுக்கு வந்ததும் ஒரே கணக்கா?

இன்னொண்ணு. சிக்னல் வரும், ஆனா இடம் இல்லைன்னா? என் வடக்கு செக்டார்ல 40 வீடு. ராத்திரி எட்டுல இருந்து பத்து வரைக்கும் எல்லாரும் ஒரே நேரத்துல வீடியோ பார்த்தா அதுக்கு மேல தாங்காது. போன வருஷத்துல இருந்து புதுசா யாருக்கும் கொடுக்கறதில்லை. இதுல இந்த அலைவரிசை எல்லாருக்கும் பொது. பக்கத்துக் கரட்டுல வேற ஒருத்தர் ஆன்டெனா வெச்சார்னா ரெண்டு பேருக்கும் இரைச்சல். அந்த வடக்குப் பக்கத்து ஊரையும் சேவை உண்டுன்னுதான் எழுதியிருக்கேன். பத்து நாள் விதியை எனக்கு வெச்சா அதுவும் தேறாது.

ஜூலை 19

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. சிக்னலை வாங்கி அடுத்த பக்கம் அனுப்பற என் ரிலே டிஷ் பறக்கலை, திரும்பிடுச்சு. அந்தப் பெரிய டிஷ்ஷுக்குப் பார்வை ஆறு டிகிரிதான். மூணு டிகிரி திரும்பினாலே பாதி பவர் போயிடும். புதன்கிழமை ராத்திரி நட்டு தளர்ந்து ஏழெட்டு டிகிரி திரும்பியிருக்குது. 22 வீட்டுக்கு நெட் இல்லை. காத்து அடங்கினாத்தான் ஏற முடியும், அடங்க ரெண்டு நாள் ஆச்சு.

மேல உட்கார்ந்திருந்தப்போ கீழ பார்த்தேன். 2019-ல இந்த லிங்க் போட்டப்போ வழியில ஒரு தென்னங்கன்னுத் தோட்டம் இருந்துது. இடுப்பு உயரம். இப்போ மட்டை எல்லாம் கோட்டுக்குள்ள வந்து ஆடுது. மழை நாள்ல லைன் போகுதேன்னு மழையைத் திட்டிட்டு இருந்தேன். 5 கிகாஹெர்ட்ஸுக்கு இந்தச் சின்ன தூரத்துல மழைத் தண்ணியால ஒண்ணும் பெருசா குறையாது. நனைஞ்ச இலைதான் குடிச்சுடுது. ஜூன் 9-ம் தேதி தென்னந்தோப்பைப் பத்தி அவ்வளவு எழுதினேன், என் சொந்த லிங்க்குல அது நடந்துட்டு இருந்தது கண்ணுல படலை.

கவரேஜ் லிஸ்ட்டுக்குத் தேதியும் போடணும். 2020-ல எழுதினதை 2025-ல ஒருத்தர் நம்பி வீடு திரும்பறார்.

ஜூலை 27

ஒரு நோட்டு போட்டிருக்கேன். நீளமான கணக்கு நோட்டு. கனெக்‌ஷன் கொடுத்த வீட்டுக்கெல்லாம் ரசீது இருக்குது, அது சுலபம். போய்ப் பார்த்து இல்லைன்னு சொன்ன வீடுகளை ஞாபகத்துல இருந்தும், பையனோட போன்ல இருந்த பழைய மெசேஜ்ல இருந்தும் எடுத்து எழுதினேன். இதுவரைக்கும் 48 வீடு. எதுக்கு வரலை, கரடா, மரமா, செக்டார்ல இடம் இல்லையா, எத்தனை அடி பைப், என்ன எண் வந்துது, எந்தத் தேதி.

எழுதி முடிச்சு அந்த 48-ஐயும் மேப்புல சிவப்புப் புள்ளியா வெச்சுப் பார்த்தேன். ஆறு வருஷம் இந்தத் தொழில்ல இருந்தும் என் டவர் எங்க போகுது, எங்க நிக்குதுன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. சிவப்பெல்லாம் கரட்டு நிழல்ல வரிசையா நிக்குது. வட்டம் எங்கயுமே இல்லை. கைவிரல் விரிச்ச மாதிரி ஒரு வடிவம், அதுல ரெண்டு விரல் ரொம்பக் குட்டை.

இந்தத் தொழில்ல இருக்கற மத்தவங்களும் இந்த இழையைப் படிக்கறாங்கன்னு தெரியும். அண்ணன்மாரே, இல்லைன்னு சொன்ன வீட்டை எழுதி வையுங்க. வாடிக்கையாளர் பட்டியலை யாருக்கும் காட்ட வேண்டாம், அது தொழில் ரகசியம், எனக்கும் புரியுது. வராத வீட்டை மறைக்க என்ன இருக்குது?

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

பையன் குடும்பத்தோட ஒகேனக்கல் போயிட்டான். ஏணியை டெம்போல போட்டுட்டு தனியா தம்பி ஊருக்குப் போயிட்டு வந்தேன். அவரும் அவங்க அம்மாவும் இருந்தாங்க. முதல்ல மன்னிப்புக் கேட்டேன். அம்மா, "அதெல்லாம் இருக்கட்டுங்க, முதல்ல சாப்பிடுங்க"ன்னு பொங்கல் வெச்சுட்டாங்க.

மாடியில மைனஸ் 83. பைப் ஏத்தி 81. நேரா கரடு, கரட்டுக்கு முன்னாடி ரெண்டு புளியமரம். மரத்தை வெட்டினாலும் கரடு நிக்கும். வராது. அதை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அப்புறம் ரெண்டு பேரும் ஊர் முழுக்க நடந்தோம். மேட்டுத் தெருவுல ஒன்பது வீட்டு மாடியில டிஷ்ஷைக் கையில பிடிச்சு பார்த்தேன், எல்லாம் 60-க்கும் 70-க்கும் நடுவுல. கீழ்த்தெருவுல ஒண்ணுகூட இல்லை. மாந்தோப்பு மேட்டுல அவங்க பெரியப்பா மோட்டார் ரூம் இருக்குது, அங்க 64. அங்க இருந்து வீட்டுக்கு 300 மீட்டர், சாதாரண நெட் கேபிள் 100 மீட்டருக்கு மேல போகாது. மோட்டார் ரூம் மேல ஒரு ரிலே வெச்சா கீழ்த்தெரு முழுக்கக் கிடைக்கும். விவசாய கரண்ட்டை இதுக்கு எடுக்கக் கூடாது, சோலாரும் பேட்டரியும் வைக்கணும். அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்னு பெரியப்பா சொல்லியிருக்கார். செலவு என்னோடது.

ஆகஸ்ட் 6

14 ஊர் லிஸ்ட்டை மாத்தி எழுதி அனுப்பினேன். அந்த ஊருக்கு நேரா, "மேட்டுத் தெரு 9 வீடு வரும். கீழ்த்தெரு வராது. பார்த்த தேதி 3.8.2025." மத்த ஊருக்கும் இப்படித்தான். நாலு ஊருக்கு நேரா "இன்னும் போய்ப் பார்க்கலை"ன்னு போட்டேன்.

இன்னைக்கு காலையில கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. "சார், இந்தக் கட்டத்துல ஊர் பேர் மட்டும்தான் சார் ஏறுது, குறிப்பு ஏறலை. பேரை மட்டும் வெச்சுக்கலாமா?" குறிப்பு ஏறலைன்னா பேரையும் எடுத்துடும்மான்னேன். மேலிடத்துல கேட்டுட்டு சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டுச்சு. எடுத்துட்டாங்களாம்.

இப்போ திறந்து பார்த்தேன். தம்பி, உங்க ஊர் இப்போ மேப்புல பச்சை இல்லை. மேட்டுத் தெருவுல யாராவது கேட்டா என் நம்பரைக் கொடுங்க.